பிசாசு மாமாவுக்குச் சொல்லாத செய்தி

என் வயசுக்காரர்களே, முட்டி வலியும் சர்க்கரையும் மருந்து டப்பாவுமாக உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். கைப்பேசியில் ஒரு பேய்ப் படத்தை ஓடவிட்டு, "இதப் பாரு பாட்டி, இதான் பயம்" என்றார்கள். பார்த்தேன். ரத்தம், கத்தல், கதவு தானாகத் திறந்துகொள்வது. எனக்குக் கொட்டாவி வந்தது. கீற்று ஓட்டை வழியாக வெயில் விழுகிற கொட்டகையில், பட்டப்பகலில், ஒரு மனுஷன் ஆயிரம் பேரை மூச்சுவிடாமல் உட்கார வைத்ததைப் பார்த்தவள் நான். என்னிடம் வந்து கதவைத் திறந்து காட்டுகிறார்கள்!

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை அது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு எதிரில் எங்கள் நைனா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருந்தது, அந்த வாசனை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பஞ்சர் ஒட்டும் பசை, பழைய டியூப், மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த ஒரு நெடி எங்கள் சோற்றில்கூட இருக்கும். எனக்கு அது பிடிக்கும். இன்றைக்கும் எங்கேயாவது பஞ்சர் கடை கண்டால் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

வீட்டில் நைனா, அம்மா, நைனாவின் அக்காவான அத்தை, அப்புறம் நாங்கள் இருவர். தாயில்லாத நைனாவைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தது அத்தைதான். அதனால் அத்தை ஒன்று சொல்லிவிட்டால் நைனாவுக்கு அதற்கு மேல் ஐகோர்ட்டு கிடையாது. அம்மா வாயே திறக்க மாட்டாள். திறந்தாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். அவளை ஒரு பயந்தாங்கொள்ளி என்றே நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஃபாக்டரி லாரிகள் வரிசையாக நிற்கிற இடம் அப்போது வெறும் பொட்டல். அறுவடை முடிந்த கையோடு அங்கே ஒரு நாடகக் கம்பெனி வந்து கீற்றுக் கொட்டகை போட்டது. நாலைந்து நாடகம் வைத்திருந்தார்கள். ராஜா கதைகள்தான். ஆனால் ஊர் பேசியதெல்லாம் ஒரே நாடகத்தை. அதில் ஒரு ராஜாவைப் பிசாசு பிடிக்கும். அந்தப் பிசாசாக வந்தவர்தான் நான் சொல்லப்போகிறவர். ஊரில் பெரியவர்கள் அவரைப் பிசாசுக்காரன் என்றார்கள். நாங்கள் பிள்ளைகள் பிசாசு மாமா என்போம்.

பெண்களும் குழந்தைகளும் வரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் ஆட்டம் வைத்தார்கள். பகலில் பிசாசு எடுபடுமா என்று நைனா சிரித்தார். மற்ற கம்பெனிப் பிசாசுகள் எல்லாம் மேடைக்கு வரும்போதே கத்திக்கொண்டு வரும், புகை போடும், தகரத்தைத் தட்டும். இவர் அப்படி இல்லை. ராஜா பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் ராஜாவைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று பார்த்தால் மேடை மூலையில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓர் ஆள் நிற்பார். எப்போது வந்தார் என்று தெரியாது. அப்படியே நிற்பார். கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்துவார்கள். முறுக்கு கடிக்கிறவன் கடித்த முறுக்கை மெல்ல மாட்டான். அப்புறம் உடம்பு அசையாமல் கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பும். அவ்வளவு மெதுவாக ஒரு மனுஷக் கழுத்து திரும்பி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முகம் நம் பக்கம் வந்ததும் கிசுகிசுக்கிற குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நீ யார் வீட்டுப் பிள்ளை?"

அவ்வளவுதான். தெருவில் போகிற வருகிற பெரியவர்கள் எல்லாம் நம்மைக் கேட்கிற கேள்விதானே? அதை அவர் கேட்டால் கடைசி பெஞ்சில் இருக்கிறவனும் தன்னைத்தான் கேட்கிறார் என்று குனிந்துகொள்வான். பாவாடையை நனைத்துக்கொண்ட பெண்களில் நானும் ஒருத்தி. இந்த வயதில் இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அந்தப் பிசாசு ஒருநாள் காலையில் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. நல்ல வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. நான் டியூப் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் நைனாவிடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "அண்ணே, ஒரு மணி நேரத்துக்கு ஒரு சைக்கிள் வேணும். ஓட்டத் தெரியாது. கத்துக்கிடணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆசை." தெற்கத்திப் பேச்சு. மதுரைக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஊர் என்றார்.

நைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "ஏ பாப்பா, இவுருக்குக் கத்துக்குடு" என்றார். கேலிக்குச் சொன்னார்தான். ஆனால் சீட்டில் ஏறாமல் பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவதில் அந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நானும் விடுவேனா? பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு பொட்டலுக்கு அழைத்துப் போனேன்.

அட, அவர் பயந்த பயம் இருக்கிறதே! "விட்டுராத தாயி, விட்டுராத தாயி" என்று ஒரே புலம்பல். ஒன்பது வயசுப் பெண்ணை நம்பி அவ்வளவு பெரிய உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது. "கீழ பாக்காத மாமா, ரோட்டப் பாரு!" என்று நான் அதட்டுவேன். ஒரு தரம் நேராகப் போய் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். இறங்கியதும் தன் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்துக் காட்டினார். சில்லென்று இருந்தது.

"பாத்தியா? பயந்தா ஒடம்பு குளுந்து போகும் தாயி. சுடாது. மேடையில நான் கையப் பிடிச்சு இழுப்பேன்ல ராஜாவ, பாவம் அவருக்குக் கை ஐஸ் மாதிரி இருக்கும். எத்தன வருஷமா என்கூட நடிக்கிறாரு, இன்னும் பயம் போகல."

அன்றைக்கு அது எனக்கு ஒரு வேடிக்கை. அவ்வளவுதான்.

பத்து நாளில் அவர் விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டார். குருதட்சணை என்று சொல்லி, தன் கோரைப்பல் இரண்டில் ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தார். உடைந்த வெள்ளைச் சீப்பை அறுத்து அரம் போட்டுத் தானே செய்த பல். "அப்ப நாடகத்துக்கு?" என்றேன். "ஒண்ணு போதும் தாயி" என்றார். அடுத்த பகல் ஆட்டத்தில் ஒற்றைப் பல்லோடு வந்தார். கூட்டம் முன்பைவிட அதிகமாக அலறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தை பயந்துகொண்டால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எவரைப் பார்த்துப் பயந்ததோ அவர் காலடி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, உப்பு, காய்ந்த மிளகாயோடு சேர்த்து, குழந்தையை மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போடுவார்கள். மிளகாய் கமறவில்லை என்றால் பயம் இருந்தது, கழிந்தது. கமறினால் இது பயமே இல்லை, வேறு கோளாறு. இப்படி ஒரு பிசாசு ஊரில் இருந்தால் காலடி மண்ணுக்கு எவ்வளவு கிராக்கி இருக்கும், பாருங்கள்! ஞாயிறு ஆட்டம் முடிந்தால் திங்கட்கிழமை காலையில் கொட்டகையிலிருந்து கடைத்தெரு வரைக்கும் அவர் நடந்த வழியெல்லாம் பெண்கள் குனிந்து மண் எடுப்பார்கள். அவருக்குத் தெரியக்கூடாதாம். தெரியாமலா இருக்கும்?

ஒருநாள் எங்கள் கடை எதிரில் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு குனிந்து அவருடைய செருப்புத் தடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "செருப்புத் தடத்துல எங்க காலடி மண்ணு இருக்குது? கட்டைல போறவன், வெறுங்காலோட நடந்தா இன்னாவாம்!" என்று திட்டினாள். கடைக்குள் சைக்கிளுக்கு நின்றுகொண்டிருந்த அவர் காதில் அது விழுந்தது. மறுநாளிலிருந்து அவர் செருப்புப் போடவில்லை. சித்திரை வெயில். ரயிலடிப் புழுதியில் வெறுங்காலோடு, ஒவ்வோர் அடியாக அழுத்தி வைத்து நடந்தார்.

"இன்னா மாமா, செருப்பு தொலஞ்சி போச்சா?" என்று கேட்டேன்.

"பெட்டியில இருக்கு தாயி. பாவம், கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு வெயில்ல சுரண்டுறாங்க. தடம் சுத்தமா விழுந்தா சட்டுனு அள்ளிட்டுப் போயிருவாங்கள்ல."

"அந்த மண்ணுல ஒண்ணுமே இல்லியே மாமா?"

"மண்ணுல என்ன இருக்கு? பிள்ளைக்கு வேண்டியதச் செஞ்சுட்டோம்னு தாய்க்காரிக்கு அன்னைக்கித் தூக்கம் வரும்ல?"

இதை நான் வீட்டில் சொன்னபோது நைனா நம்பவில்லை. "செருப்பு போடாம நடக்குறான்னா இன்னாவோ மாந்திரீகத்துக்கு விரதம் இருக்கான். இனிமே அவன்கூட நீ சைக்கிள் எடுத்துக்கினு போவாத" என்றார். எங்கள் நைனா கெட்டவர் இல்லை. ஒரு நல்லதை எதிரில் வைத்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற சுபாவம், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை தம்பி தொண்டை வலிக்கிறது என்றான். "ஐஸ் துன்னிருப்பான்" என்று அத்தை இரண்டு மிளகைக் கடிக்கக் கொடுத்தாள். ஞாயிறு எல்லோரும் பகல் ஆட்டத்துக்குப் போனோம். சத்தியமாகச் சொல்கிறேன், தம்பி பிசாசைப் பார்க்கவே இல்லை. அத்தை மடியில் முதல் காட்சியிலேயே தூங்கிப்போனவன் கடைசி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் அவனுக்குக் குரல் இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது.

"பயத்துல வாயி அடச்சிப் பூட்ச்சி" என்றாள் அத்தை. முடிந்தது தீர்ப்பு.

"அவன் தூங்கிக்கினு இருந்தான் அத்த, பாக்கவே இல்ல" என்றேன். தலையில் நங்கென்று ஒரு குட்டு விழுந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவும் அத்தையும் அவனைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். பயந்த குழந்தைகளுக்கு ஓதி ஊதுவதற்கு எல்லாச் சாதிக்காரர்களும் அங்கேதான் போவோம். அஜரத் ஓதி, ஊதி, அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் ஓதிட்டேம்மா. ஆனா ஒடம்பு ரொம்பச் சுடுது, டாக்டருக்கும் காமிச்சிருங்க" என்றார். அத்தை அதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். ஓதின பிள்ளை மூன்று நாள் வாசற்படி தாண்டக் கூடாது என்று தன் சட்டம் ஒன்றையும் அதோடு சேர்த்தாள்.

ஊரில் டாக்டர் கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் வருகிற கம்பவுண்டர் அந்த வாரம் வரவில்லை. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு மத்தியான ரயிலில் போகலாம். ரயிலடி எதிரிலேயே இருக்கிறது. ஆனால் வாசற்படி இருக்கிறதே!

செவ்வாய்க்கிழமை அத்தை காலடி மண் எடுத்து வரச் செய்து சுற்றிப் போட்டாள். மிளகாய் வீடே இருமுகிற மாதிரி கமறியது. கமறினால் பயம் இல்லை என்று அவளே எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறாள்! "இது பெரிய புடி. மொளகாக்கு அடங்காது" என்றாள் இப்போது. அந்தப் புகையில் தம்பி மூச்சுக்குத் திணறினான். நெஞ்சுக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு மூச்சும் ரம்பம் போல அறுத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கும் மரம் அறுக்கிற சத்தம் கேட்டால் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

"ரயிலேத்திடலாங்க" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

நைனா அத்தையைப் பார்த்தார். "மூணு நாளு முடியட்டும்டா. நடுவுல எடுத்துக்கினு போனா புள்ள தக்காது" என்றாள் அத்தை. நைனா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.  அத்தைக்கும் உயிரே தம்பிதான். அவளும் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதுதான் கொடுமை. கெட்டவர்கள் என்று யாரையாவது சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும்!

புதன்கிழமை காலையில் மறுபடி மண் எடுத்து வர அம்மாவை அனுப்பினாள் அத்தை. அம்மா வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். "மண்ணு எங்கடி?" என்றாள் அத்தை. "தடமே வுழல அண்ணி" என்றாள் அம்மா. வெறுங்காலோடு நடக்கிறவருக்குத் தடம் எப்படி விழாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. 

சரியாக உச்சிவேளை. தெருவில் ஏதோ பேச்சு நின்ற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

எங்கள் வாசலுக்கு எதிரில், நடுத்தெருவில், முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நின்றுகொண்டிருந்தார். வேஷம் இல்லை, பல் இல்லை. வெற்றுடம்பு, பழுப்பு வேட்டி, புழுதி படிந்த கால். அசையவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஜட்காக்காரர் குதிரையைப் பிடித்துக்கொண்டார். நைனா காற்றடிக்கிற பம்ப்போடு வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கழுத்து மெதுவாகத் திரும்பியது.

"இது யார் வீட்டுப் பிள்ளை?"

அத்தை ஓடி வந்தாள். "எங்க ஊட்டுப் புள்ளடா! உட்டுட்றா பாவி, இன்னா வோணும்னாலும் தரேன்!"

"விட மாட்டேன். பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்விடுவேன்." கிசுகிசுத்தான் பேசினார். தெருக்கோடியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. "இரண்டு ஆறு தாண்டினால் எனக்குப் பிடி இல்லை. தெற்கே பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குள் நான் நுழைய முடியாது. மருந்து நெடி எனக்கு ஆகாது. அங்கே கொண்டுபோய் ஒளித்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். இந்த வாசற்படிக்குள் இருந்தால் நான் ஜெயித்தேன்."

அம்மா அலறினாள். என் ஆயுசில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஐயோ, ஏத்துங்களேன் ரயில்ல! எம்புள்ளயத் துன்னுட்டு நிக்கிறானே!" என்று நைனாவின் காலைக் கட்டிக்கொண்டு புரண்டாள்.

அதற்கு மேல் அத்தைதான் முதலில் வாசற்படி தாண்டினாள். தம்பியைப் போர்வையில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "எழுந்திர்றா, வண்டி வந்துரும், எழுந்திர்றா!" என்று நைனாவை உதைக்காத குறை. மத்தியான ரயில் அன்றைக்குத் தாமதமாக வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்று நாலு பேரையும் ஏற்றிவிட்டார். நான் பக்கத்து வீட்டில் விடப்பட்டேன். ஆரணியாற்றில் ஒரு கைப்பிடி வேப்பிலையும் கொசஸ்தலையாற்றில் மீதியையும் அத்தை ஜன்னல் வழியாக வீசினாளாம்.

தொண்டை அடைப்பான் என்றார்களாம் ஆஸ்பத்திரியில். மூச்சுக்குழாயில் தோல் மாதிரி வளர்ந்து அடைத்துக்கொள்கிற நோய். ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு ராத்திரி வைத்திருந்தால் பிள்ளை இல்லை என்று பெரிய டாக்டர் நைனாவைத் திட்டிய திட்டு அந்த வார்டு முழுக்கக் கேட்டதாம்.

இங்கே ஊரில் என்ன நடந்தது? அவரே தன் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டாரே! அதற்கு முன் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூடக் கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்கு விடவில்லை. அந்த ஆளை அனுப்பு, இல்லையென்றால் கொட்டகையைப் பிரி என்று பெரியவர்கள் கம்பெனியை நடத்துகிற வாத்தியாரிடம் போய் நின்றார்கள். நான்? என் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான் என்று குட்டு வாங்கிய நான்? நானும் நம்பினேன். மற்றவர்கள் சொன்னபோது நம்பாதவள், அவர் வாயால் கேட்டதும் நம்பினேன். என்னோடு பழகியவர் என் தம்பியைப் பிடித்துவிட்டார். அவர் கொடுத்த கோரைப்பல்லை அன்றைக்கே கிணற்றில் வீசினேன். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு லேசான பல்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ரயில்வே போனில் சேதி வந்திருந்தது. "உன் தம்பி கண்ணத் தொறந்துட்டான் பாப்பா. மூச்சு நல்லா வுடுறானாம். பொழச்சிக்கினான், போ." நான் அழுதுகொண்டே ஓடி வந்து பக்கத்து வீட்டில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை. மூடின கடை வாசலில், தலைகீழாக நிறுத்தியிருந்த ஒரு சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் தகரப் பெட்டியோடு ரயிலடிக்கு வந்தார். கூட ஒருவரும் இல்லை. வெறுங்கால்தான். ஒவ்வோர் அடியாக அழுத்தி வைத்து நடந்தார். பின்னால் பத்தடி தள்ளி, இதுதான் கடைசி வாய்ப்பு என்று நாலைந்து பெண்கள் குனிந்து மண் அள்ளிக்கொண்டே வந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் அள்ளி முடிக்கட்டும் என்று மெதுவாகத்தான் நடந்தார். எனக்கு அது தெரியும், தெரிந்தும், எல்லாம் வேஷம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

என் எதிரில் வந்து நின்றார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"தம்பிக்கு மூச்சு எப்படி இருக்கு தாயி? ஏதாச்சும் சேதி வந்துச்சா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றினேன். டிக் டிக் டிக் என்று அது சுற்றியது. அது நிற்கிற வரைக்கும் அவர் நின்றார். நான் மறுபடி சுற்றினேன். ரயில் ஊதியது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவ்வளவுதான். அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக் கேட்டதில்லை.

நாற்பது வருஷம் ஓடியது. அத்தை போனாள், நைனா போனார். பிசாசை இரண்டு ஆற்றில் ஏமாற்றிப் பிள்ளையை மீட்ட கதையை இருவரும் கடைசி மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா மணவாள நகரில் தம்பி வீட்டில் படுக்கையில் இருந்தாள். நான் போயிருந்தபோது, பார்க்க வந்த யாரிடமோ தம்பி அதே கதையைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தான். "என்னிய ஒரு பிசாசு புடிச்சிக்கிச்சி சார், நெசமா!" அவன் வெளியே போனதும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"பிசாசு இல்லடி. நாந்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அன்னிக்கி மண்ணெடுக்கப் போனேன் இல்ல? அவரே கொட்டாயிலேர்ந்து வெளிய வந்து கேட்டாரு, புள்ள எப்படி இருக்கான்னு. ரம்பம் அறுக்குற மாறி மூச்சு வுடுறான்னேன். ஒடம்பு சுடுதான்னாரு. கொதிக்குதுன்னேன். மொகமே மாறிடுச்சி. 'இது பயம் இல்ல தாயி, பயந்தவங்கள எத்தன பேரப் பாத்திருக்கேன். ஒடனே பட்டணம் கொண்டு போங்க'ன்னாரு. நான் சொன்னா யாரு கேப்பாங்க, நீங்க வந்து சொல்லுங்கன்னேன். நான் சொன்னா மட்டும் கேப்பாங்களான்னாரு. மனுசனா வந்து சொன்னா கேக்க மாட்டாங்க, பிசாசா வந்து சொல்லுங்கன்னேன்."

அம்மா மூச்சு வாங்கினாள்.

"துண்டால மொகத்தத் தொடச்சிக்கினாரு. அப்புறம் இந்த ஊர்ல நான் இருக்க முடியாதே தாயின்னாரு. நான் கால்ல வுழுந்தேன். என்னியத் தூக்கி வுட்டுட்டு, வழியில எத்தினி ஆறு இருக்குதுன்னு கேட்டாரு. ரெண்டுன்னேன்."

"நீ புரண்டு அழுதியேம்மா அன்னிக்கி?"

"பாதி வேஷம். பாதி நெசம்."

நான் அந்த மனுஷியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இவளையா பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்! எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லாத நெஞ்சு இவளுக்கல்லவா இருந்திருக்கிறது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒங்க நைனாவும் அத்தையும் அவனக் காப்பாத்துனோம்னு சந்தோசமா இருந்தாங்க. அத இன்னாத்துக்குக் கெடுக்கறது" என்றாள். அப்புறம் என் கையை இன்னும் இறுக்கினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்டி என் மனசுல கெடக்குது. நாங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றதுக்குள்ள அவர அனுப்பிட்டாங்க. புள்ள பொழச்சிக்கினான்னு அவருக்குத் தெரியுமா? யாருனா சொன்னாங்களா? நீ ஊர்லதான இருந்த?"

அந்தச் சக்கரம் என் காதில் டிக் டிக் என்று சுற்றியது. நான் மெதுவாக, அவர் மேடையில் பேசுகிற மாதிரி அவசரமே இல்லாமல் சொன்னேன்.

"சொன்னேம்மா. நாந்தான் சொன்னேன். கடைக்கு முன்னாடி வந்து கேட்டாரு. பொழச்சிக்கினான் மாமான்னேன்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு. பல்லு தெரியச் சிரிச்சாரு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கஞ்சி கேட்டாள். இரண்டு நாளாக வேண்டாம் என்றவள் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தாள்.

என் வயசுக்காரர்களே, அம்மாவிடம் சொன்ன பொய்யை உங்களிடம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த எழுத்து. அவர் இப்போது இருக்க மாட்டார், எனக்கே எழுபத்தொன்பது. ஆனால் தெற்குச் சீமையில் உங்களில் யாருடைய அப்பாவாவது, தாத்தாவாவது, மாமாவாவது நாடகக் கம்பெனியில் பிசாசு வேஷம் கட்டியிருந்தால், கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பியிருந்தால், நல்ல செருப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு வெயிலில் வெறுங்காலோடு நடந்திருந்தால், அவர் படத்துக்கு முன்னால் நின்று எனக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தம்பிக்கு மூச்சு நன்றாக இருக்கிறது, மாமா. அன்று வியாழக்கிழமை சாயங்காலமே எனக்குத் தெரியும்.